‘சூப்பர்’ மட்டும் போதுமா? வரைந்த படத்தை இன்டர்நெட்டில் காட்டிக் கற்றுக் கொள்வது எப்படி?

ஜவ்வாது மலையில் உள்ள ஜமுனாமரத்தூரில் ஒரு கல்லூரி மாணவி இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். விடுமுறையில் காவலூர் சென்று வைணு பாப்பு வானாய்வகத்தினைப் பென்சிலால் வரைகிறார். 1986ல் தொடங்கி வைக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி உள்ள கட்டடம் அது. கீழே உயரமான வட்டச் சுவர், மேலே அரைக்கோள வடிவில் கூரை, சுற்றிலும் மரங்கள். படத்தை மொபைல் போனில் எடுத்து வாட்ஸ் அப் ஸ்டேட்டஸில் வைக்கிறார். மாலைக்குள் நாற்பது பேர் ‘சூப்பர்’ என்கிறார்கள். கை தட்டும் படங்கள் வந்து குவிகின்றன.

மாணவிக்கு மகிழ்ச்சிதான். ஆனால் படத்தில் ஏதோ சரியில்லை என்று அவருக்கே தெரிகிறது. தொலைநோக்கியின் கூரை, சுவர் மேல் கவிழ்த்து வைத்த சட்டி போல இருக்கிறது. எங்கே தவறு? நாற்பது பேரில் ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த படத்திலும் அதே தவறு வரும்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலருக்கு ஓவியம் வரையும் ஆர்வம் உண்டு. படங்களை இன்டர்நெட்டில் வெளியிடுவது எளிது. அதனால் நம் கைத்திறன் வளர வேண்டும் என்றால் கொஞ்சம் திட்டமிட வேண்டும். அதற்கான வழிகளை இங்கு பார்க்கலாம்.

முன்பு எப்படிக் கற்றார்கள்?

சென்னையில் 1850ல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய ஓவியப் பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. அங்கு படித்தவர்களுக்கு ஆசிரியர் மட்டுமின்றி, பக்கத்தில் அமர்ந்து வரைபவரும் குறை சொல்வார். அக்கல்லூரியில் பணியாற்றிய கே.சி.எஸ்.பணிக்கர் 1944ல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1966ல் சென்னைக்குத் தெற்கே கடற்கரையோரம் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானது. ஓவியர்களும் சிற்பிகளும் ஒரே இடத்தில் குடியிருந்து வேலை செய்தார்கள். ஒருவர் படம் காய்வதற்கு முன்பே இன்னொருவர் வந்து பார்த்துவிட முடியும்.

ஒரு படம் வளர்வதற்கு இப்படிப்பட்ட இன்னொரு கண் தேவை. அது கிடைக்க, முன்பு சென்னைக்குச் செல்ல வேண்டியிருந்தது. மலையில் இருப்பவருக்கு அது எளிதல்ல. இன்று ஒரு கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் அந்த வாய்ப்பினை வீட்டுக்கே கொண்டு வருகின்றன. ஆனால் சரியான இடத்தில், சரியான முறையில் கேட்டால்தான் கிடைக்கும்.

எங்கே காட்டலாம்?

நண்பர்களும் உறவினர்களும் இருக்கும் இடத்தில் பாராட்டு கிடைக்கும். அவர்கள் நம் மனம் நோகக் கூடாது என்று நினைப்பவர்கள். குறை கேட்க வேண்டுமென்றால் வரைபவர்கள் கூடும் இடத்திற்குச் செல்ல வேண்டும்.

டிவியன்ட்ஆர்ட்: 2000ல் தொடங்கப்பட்ட ஓவியத் தளம். பென்சில் படம் முதல் கம்ப்யூட்டரில் வரைந்தது வரை எல்லா வகையும் இங்கு உண்டு. உங்கள் வகைப் படங்களை வரைபவர்களைத் தேடிப் பின்தொடரலாம்.

ரெடிட்: இதில் ‘லேர்ன் ஆர்ட்’, ‘ஆர்ட் கிரிட்’ போன்ற குழுக்கள் குறைகளைக் கேட்டுத் திருத்திக் கொள்வதற்காகவே இயங்குகின்றன. படம் வெளியிடும் முன் அந்தக் குழுவின் விதிமுறைகளைப் படித்துவிடவும்.

இன்ஸ்டாகிராம்: 2010ல் வந்தது. பலர் பார்வைக்குப் படம் செல்லும். ஆனால் பார்ப்பவர்கள் விரலால் தள்ளிவிட்டுப் போவதால் விரிவான கருத்து கிடைப்பது குறைவு.

விக்கிமீடியா காமன்ஸ்: 2004ல் தொடங்கிய இத்தளம் போட்டோ எடுப்பவர்களுக்கு நல்லது. ‘தரமான படம்’ என்ற அங்கீகாரத்திற்கு நீங்கள் எடுத்த போட்டோவினை அனுப்பலாம். குறைந்தது 2 மெகாபிக்ஸெல் இருக்க வேண்டும். கூர்மை இல்லை, சாய்ந்திருக்கிறது என்பது போன்ற காரணங்களைப் பார்ப்பவர்கள் எழுதுவார்கள். இரண்டு விஷயங்களைக் கவனிக்கவும். அறிவுக்குப் பயன்படும் படங்களுக்கான இடம் இது. பழகுவதற்காக வரைந்த ஓவியங்களுக்கு அல்ல. மேலும், இங்கு தரும் படத்தினை யாரும் வணிகத்திற்குக் கூடப் பயன்படுத்தலாம்.

இன்ஸ்டாகிராம், டிவியன்ட்ஆர்ட் ஆகியவை 13 வயது நிரம்பாதவர்களுக்குக் கணக்கு தருவதில்லை. சிறுவர்களின் படங்களைப் பெற்றோர் தம் கணக்கின் வழியே காட்டலாம்.

படத்தைத் தயார் செய்தல்

படம் மங்கலாக இருந்தால், வருகிற கருத்துகள் உங்கள் போட்டோவைப் பற்றித்தான் இருக்கும். ஓவியத்தைப் பற்றி இருக்காது. எனவே கீழ்க்கண்டவற்றைச் செய்திடவும்.

1. ஸ்கேனர் இல்லாவிட்டால் பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரம் வைத்துப் போனில் எடுக்கவும். பிளாஷ் வேண்டாம், பென்சில் கோடுகள் பளபளக்கும். போனைத் தாளுக்கு நேர் மேலே, சாயாமல் பிடிக்கவும். சாய்ந்தால் நேராக வரைந்த சுவரும் கோணலாகத் தெரியும்.

2. படத்தைக் கேபிள் மூலம் கம்ப்யூட்டருக்கு மாற்றவும். வாட்ஸ் அப் வழியே அனுப்பினால் ‘டாக்குமெண்ட்’ என்ற பிரிவில் அனுப்பவும். சாதாரணப் படமாக அனுப்பினால் அளவு சுருக்கப்பட்டு நுணுக்கங்கள் போய்விடும்.

3. விண்டோஸ் போட்டோஸ் புரோகிராமில் படத்தைத் திறந்து, எடிட் பிரிவில் ஓரங்களைக் கிராப் செய்திடவும். வெள்ளைத் தாள் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் பிரைட்னஸைச் சற்றுக் கூட்டவும். ஓவியத்தை அழகுபடுத்த இதனைப் பயன்படுத்தக் கூடாது. தாளில் உள்ளது அப்படியே தெரிந்தால் போதும்.

4. போனில் எடுத்த படம் பல எம்.பி. அளவில் இருக்கும். இணைப்பு வேகம் குறைந்த இடங்களில் இது ஏறுவதற்கு நேரமாகும். பெயின்ட் புரோகிராமில் படத்தைத் திறந்து, கண்ட்ரோல் + டபிள்யூ கீகளை அழுத்தவும். கிடைக்கும் கட்டத்தில் ‘பிக்ஸெல்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, அகலத்தை 1600 என அமைக்கவும். நீள அகல விகிதம் மாறாதிருக்க வேண்டும். பின் ‘சேவ் ஆஸ்’ மூலம் வேறு பெயரில், ஜேபெக் பைலாகச் சேமிக்கவும். மூலப் படம் உங்களிடம் பத்திரமாக இருக்கட்டும்.

5. இன்னொரு வேலையும் பெயின்ட்டில் செய்து பார்க்கலாம். ‘பிளிப் ஹரிசாண்டல்’ என்பதைக் கிளிக் செய்தால் படம் இடவலமாகத் திரும்பும். வரைந்த படத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதிய படம் போலத் தெரியும். சாய்ந்த சுவர், ஒருபுறம் பெரிதான கண் போன்ற தவறுகள் உடனே தென்படும். நீங்களே கண்டுபிடிக்கும் தவறுகளை முதலில் திருத்திவிடவும்.

எப்படிக் கேட்க வேண்டும்?

“என் படம் எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் “நன்றாக இருக்கிறது” என்ற பதில்தான் வரும். கேள்வி குறிப்பாக இருந்தால் பதிலும் குறிப்பாக இருக்கும். நான்கு தகவல்களைத் தரவும். எதனால் வரைந்தீர்கள்? எதைப் பார்த்து வரைந்தீர்கள், நேரிலா போட்டோவிலா? எவ்வளவு காலமாக வரைகிறீர்கள்? உங்களுக்கே எந்த இடம் சரியில்லை என்று தோன்றுகிறது?

நம் மாணவி இப்படி எழுதலாம்: “நேரில் பார்த்து, பென்சிலில் வரைந்தேன். வரையத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. கூரை சுவரோடு ஒட்டாமல் தனியாகத் தெரிகிறது. கூரையின் வடிவம் தவறா, நிழல் தவறா?”

ஆங்கிலத்தில் எழுதத் தயக்கமாக இருந்தால், தமிழில் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதி கூகுள் டிரான்ஸ்லேட் மூலம் மாற்றவும். கிடைத்ததை மீண்டும் தமிழுக்கு மாற்றிப் பார்த்தால் பொருள் மாறியிருக்கிறதா எனத் தெரிந்துவிடும்.

பயனுள்ள பதில் எப்படி இருக்கும்?

பதில் இப்படி வரலாம்: “கூரையும் சுவரும் சேரும் கோட்டினைக் கீழ்நோக்கி வளைத்துவிட்டீர்கள். அந்த வட்டம் உங்கள் கண் மட்டத்திற்கு மேலே இருக்கிறது. அதனால் அதன் முன்பகுதி நடுவில் மேல்நோக்கி வளைந்து தெரிய வேண்டும்.”

வீட்டில் ஒரு சில்வர் டம்ளரை எடுத்து இதனைச் சோதித்துப் பார்க்கலாம். டம்ளரைக் கண்ணுக்குக் கீழே பிடித்தால், உங்கள் பக்கம் உள்ள விளிம்பு கீழ்நோக்கி வளைந்திருக்கும். கண் மட்டத்தில் நேர்க்கோடாகும். தலைக்கு மேலே தூக்கினால் மேல்நோக்கி வளையும். கோயில் தூண், தண்ணீர் தொட்டி, தொலைநோக்கிக் கூரை எல்லாவற்றிற்கும் இதே விதிதான். ஒரு கட்டடத்தில் தெரிந்து கொண்டால் எல்லாக் கட்டடங்களுக்கும் உதவும்.

நல்ல விமர்சனத்தின் அடையாளம் இதுதான். எந்த இடத்தில் தவறு, ஏன் தவறு, எப்படித் திருத்துவது என்ற மூன்றையும் சொல்கிறது. வரைந்தவரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

கடுமையான பதில் வந்தால்?

“இதெல்லாம் ஒரு படமா?” என்று எழுதுபவர்களும் உண்டு. இதில் கற்க ஒன்றுமில்லை. பதில் தராமல் விட்டுவிடவும். தொடர்ந்தால் ‘பிளாக்’ செய்திடவும்.

ஆனால் குறை உண்மையாகவும் சொல்லும் விதம் கடுமையாகவும் இருக்கும்போதுதான் சிக்கல். 1885ல் வான்கோ, தன் ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ படத்தின் அச்சுப் பிரதியினை ஓவிய நண்பர் அந்தோன் வான் ராப்பார்டுக்கு அனுப்பினார். உருவங்கள் சரியில்லை என்று நண்பர் கடுமையாக எழுதினார். வான்கோ அந்தக் கடிதத்தையே திருப்பி அனுப்பிவிட்டார். சில ஆண்டு நட்பு அதோடு முறிந்தது. நேரில் பழகியவர்களுக்கே இப்படி என்றால், முகம் தெரியாதவர் எழுத்தில் நாம் காயப்படுவது இயல்புதான்.

எனவே உடனே பதில் எழுத வேண்டாம். ஒரு நாள் கழித்து மீண்டும் படிக்கவும். அதில் படத்தைப் பற்றிய பகுதியை மட்டும் தனியே எழுதி வைக்கவும். இரண்டு மூன்று பேர் ஒரே இடத்தைச் சுட்டியிருந்தால் அங்கு நிச்சயம் ஏதோ இருக்கிறது. ஒருவர் மட்டும் சொல்லியிருந்தால் அது அவர் ரசனையாகவும் இருக்கலாம். எல்லாரும் சொல்வதை எல்லாம் செய்ய வேண்டியதில்லை.

நீங்களும் மற்றவர் படங்களைப் பார்த்துக் கருத்து எழுதவும். அவர் படத்தில் எது நன்றாக இருக்கிறது, எதை மாற்றலாம் என ஒவ்வொன்று சொன்னாலும் போதும். பிறர் படத்தில் தவறைத் தேடிப் பழகிய கண், நம் படத்திலும் அதனைக் கண்டுபிடிக்கும்.

பாதுகாப்பு

* போனில் எடுத்த படத்தில், எடுத்த இடத்தின் விவரம் பதிந்திருக்கலாம். பைல் மீது ரைட் கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’, பின் ‘டீடெய்ல்ஸ்’ டேப் செல்லவும். கீழே உள்ள ‘ரிமூவ் ப்ராப்பர்ட்டீஸ் அண்ட் பர்சனல் இன்பர்மேஷன்’ என்பதைக் கிளிக் செய்து, விவரங்கள் நீக்கிய நகலை உருவாக்கி அதனை அப்லோட் செய்திடவும்.

* ஒரு மூலையில் கையெழுத்திடவும். திருட்டை முழுமையாகத் தடுக்காது. ஆனால் உங்கள் படம் என்று தெரியும். சிறிய அளவில் வெளியிடுவதும் இதற்கு உதவும்.

* மலைக் கிராமத்து மக்களையோ அவர்கள் வீட்டையோ வரைந்தாலும் போட்டோ எடுத்தாலும், வெளியிடும் முன் அவர்களிடம் கேட்டு அனுமதி பெறவும்.

* பிறர் போட்டோவைப் பார்த்து வரைந்திருந்தால் அவர் பெயரைக் குறிப்பிடவும். ஏ.ஐ. புரோகிராம் உருவாக்கிய படத்தை உங்கள் கைவேலை என்று காட்ட வேண்டாம். அதற்கு வரும் திருத்தம் உங்கள் கைக்கு உதவப் போவதில்லை.

மீண்டும் வரையுங்கள்

விமர்சனத்தைப் படித்து ‘நன்றி’ சொல்வதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அதே படத்தை மறுபடி வரைய வேண்டும். பெயின்ட்டில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, திருத்தம் சொன்னவருக்கே காட்டவும். தன் சொல்லுக்கு மதிப்பிருந்தது என்று தெரிந்தால் அடுத்த படத்தையும் அவர் கவனமாகப் பார்ப்பார்.

எல்லாப் படங்களையும் தேதியுடன் ஒரு போல்டரில் சேமித்து வைக்கவும். நம் மாணவி ஓராண்டு கழித்து அந்தப் போல்டரைத் திறந்தால், கவிழ்த்த சட்டி எந்தத் தேதியில் காவலூர் தொலைநோக்கிக் கூரையாக மாறியது என்று தெரிந்துவிடும். உங்கள் போல்டரில் முதல் படத்தை இன்றே வைத்திடுங்கள்.