குறைந்த எடை எங்கே போனது?

இத்தாலியின் பதுவா நகரத்தில் மருத்துவப் பேராசிரியராக இருந்த சந்தோரியோ, ஒரு பெரிய தராசுக்கோலில் நாற்காலியைக் கட்டித் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்தபடியே சாப்பிட்டார். உண்டதை நிறுத்தார், குடித்ததை நிறுத்தார், கழித்ததையும் விடாமல் நிறுத்தார். முப்பது ஆண்டுகள் இதையே செய்தார் என்பார்கள். வீட்டில் இருந்தவர்கள் பாவம்! ஆனால் கணக்கு உதைத்தது. ஒரு நாளில் எட்டு பவுண்டு உள்ளே போனால், அதில் ஐந்து பவுண்டு கண்ணுக்குத் தெரியாமலே உடலை விட்டுப் போய்விடுகிறது என்று 1614-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் அது ஆவியாகிறது என்று சரியாகவே சொன்னார். மூச்சுக்காற்றில் என்னென்ன வாயுக்கள் கலந்திருக்கின்றன என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது.

அது முழுதும் தெளிவாக இன்னும் 170 ஆண்டுகள் ஆயின. 1782-83 குளிர்காலத்தில் பாரிஸில் விஞ்ஞானிகள் லவாய்சியரும் லாப்லாஸும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துக்குள் உட்காரவைத்தார்கள். அதன் உடற்சூட்டில் எவ்வளவு பனி உருகியது, அது எவ்வளவு கரியமில வாயுவை வெளிவிட்டது என்று இரண்டையும் அளந்தார்கள். கரி எரியும்போதும் இதே இரண்டும்தான் வருகின்றன. ஆகவே மூச்சு விடுவதும் ஒருவகை எரிதல்தான், சுடர் இல்லாமல் மெதுவாக நடக்கும் எரிதல் என்று முடிவு கட்டினார்கள்.

இதையெல்லாம் பள்ளியில் படித்துவிட்டுத்தான் வருகிறோம். இருந்தும், "பத்து கிலோ குறைந்துவிட்டது" என்று ஒருவர் சொல்லும்போது அந்தப் பத்து கிலோ எங்கே போயிற்று என்று கேட்டுப் பாருங்கள். வேர்வையாகப் போனது, சூடாக மாறியது, தசையாக மாறியது, மலத்தோடு போனது என்று ஆளுக்கு ஒரு பதில் வரும். ஆஸ்திரேலியாவில் ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் என்ற இருவர் இதே கேள்வியை மருத்துவர்கள், டயட்டீஷியன்கள், உடற்பயிற்சியாளர்கள் என 150 பேரிடம் கேட்டார்கள். பெரும்பாலோர் தவறாகவே சொன்னார்கள். கொழுப்பு சக்தியாக மாறிவிடுகிறது என்பதுதான் அதிகம் பேர் சொன்ன பதில். சக்தி வெளிப்படுவது உண்மை. ஆனால் அணுக்கள் அப்படியே இருக்கின்றன. அவை எங்காவது போயாக வேண்டும்.

அவர்கள் 2014-இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட கணக்கு அழகானது. நம் உடலில் சேரும் கொழுப்பின் சராசரி மூலக்கூறு ஒன்றில் 55 கார்பன், 104 ஹைட்ரஜன், 6 ஆக்ஸிஜன் அணுக்கள். பத்து கிலோ கொழுப்பு முழுதும் எரிய 29 கிலோ ஆக்ஸிஜனை மூச்சில் இழுக்க வேண்டும். எரிந்து முடிந்ததும் 28 கிலோ கரியமில வாயுவும் 11 கிலோ தண்ணீரும் வரும். கூட்டிப் பாருங்கள், இரண்டு பக்கமும் 39. கொழுப்பின் எடையை மட்டும் தனியே பிரித்தால், பத்தில் 8.4 கிலோ நுரையீரல் வழியாகக் காற்றில் கலக்கிறது. மீதி 1.6 கிலோ தண்ணீராகிச் சிறுநீர், வேர்வை, மூச்சின் ஈரம் என்று வெளியேறுகிறது. தொப்பை வெளியேறும் முக்கிய வாசல் மூக்கு!

அது வந்ததும் காற்றிலிருந்துதான். நெற்பயிர் காற்றில் இருந்த கரியமில வாயுவை இழுத்து மாவுச்சத்தாக்கியது. அதைச் சோறாகத் தின்றோம். செலவழியாததைக் கொழுப்பாகச் சேர்த்தோம். எரிந்ததும் காற்றுக்கே திருப்பித் தருகிறோம்.

அப்படியானால் வேகவேகமாக மூச்சு விட்டால் இளைக்கலாமே என்று தோன்றும். தலைதான் சுற்றும். ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் வாயு வெளியேறுமே தவிர, கொழுப்பு எரிவது அதிகமாகாது. தசை வேலை செய்து புதிதாக வாயுவை உண்டாக்கினால்தான் கணக்கில் சேரும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் எட்டு மணி நேரம் தூங்கி, எட்டு மணி நேரம் சும்மா இருந்து, மீதி நேரம் லேசான வேலை செய்தால், ஒரு நாளில் சுமார் 200 கிராம் கார்பனை மூச்சில் விடுகிறார். ஒரு மணி நேர ஓய்வுக்குப் பதில் மெதுவோட்டம் ஓடினால் இன்னும் 40 கிராம் கூடும். பேக்கரியில் நின்றபடியே விழுங்கும் 100 கிராம் கேக் இந்த ஓட்டத்தை ஏறக்குறைய முழுதும் ஈடுகட்டிவிடும்.

எடை குறைக்கத் தொடங்குகிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய இடம் இதுதான். எடையைப் பொறுத்தவரை சாப்பாட்டின் பக்கம் கனம் அதிகம். தினம் மூன்று டம்ளர் காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 30 கிராம், அதாவது 120 கலோரி. 65 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் நடந்தால் செலவாவது சுமார் 100 கலோரி. தோசையைச் சுற்றி ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டால் அதுவும் 120. எதையும் அடியோடு விட வேண்டியதில்லை. காபிச் சர்க்கரையைப் பாதியாக்குவது, சோற்றில் ஒரு கரண்டி குறைத்துப் பொரியலை இரண்டு மடங்காக்குவது, ஒவ்வொரு வேளையும் சுண்டல், முட்டை, மீன், தயிர் என்று ஏதாவது ஒரு புரதத்தைச் சேர்ப்பது போதும். புரதம் பசியை அடக்கும். எடை குறையும்போது தசை கரைவதையும் ஓரளவு தடுக்கும்.

எடை மெஷினை நம்புவதிலும் நிதானம் வேண்டும். ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு அரைக் கிலோ அளவுக்கு இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். டயட் தொடங்கிய முதல் வாரத்தில் இந்தச் சேமிப்பு கரைந்து தண்ணீரும் சேர்ந்து இறங்குவதால், மெஷின் ஒன்றிரண்டு கிலோ குறைத்துக் காட்டும். ஏழு நாளில் இத்தனை கிலோ என்று விளம்பரம் செய்கிறவர்கள் பிழைப்பு நடத்துவது இந்தத் தண்ணீரில்தான். மூன்றாவது வாரம் முள் நகராமல் நிற்கும்போது "எனக்கு ராசியில்லை" என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் கொழுப்பு அப்போதுதான் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும்.

இதற்கு நேர்மாறானது கல்யாணச் சாப்பாடு. அப்பளம், ஊறுகாய், பாயசம் என்று ஒரு பிடி பிடித்துவிட்டு மறுநாள் காலையில் மெஷினில் ஏறினால் ஒரு கிலோ கூடியிருக்கும். அது கொழுப்பாக இருக்க வழியே இல்லை. ஒரு கிலோ கொழுப்புத் திசு சேர, தேவைக்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி சாப்பிட வேண்டும். எந்தப் பந்தியிலும் அது நடக்காது. உப்பு பிடித்து வைத்த தண்ணீரும் குடலில் இருக்கும் உணவும்தான் அந்த ஒரு கிலோ. இரண்டு நாளில் இறங்கிவிடும். பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டியும் இப்படி ஏறி இறங்கும். தினம் காலையில் ஒரே நேரத்தில் எடை பார்த்து, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிட்டால் வீண் கவலை இல்லை.

இன்னொரு விந்தையும் உண்டு. இளைக்கும்போது கொழுப்பு செல்கள் சுருங்குகின்றனவே தவிர, எண்ணிக்கையில் குறைவதில்லை. இதை ஸ்வீடனில் கிர்ஸ்டி ஸ்பால்டிங் குழுவினர் 2008-இல் கண்டுபிடித்த விதம் இன்னும் விந்தை. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிப்போன கதிரியக்கக் கார்பன், செடி வழியாகச் சாப்பாட்டுக்கும் அங்கிருந்து நம் செல்களுக்கும் வந்து சேர்ந்தது. எந்தச் செல் எந்தக் காலத்தில் பிறந்தது என்பதை அதை வைத்தே கணக்கிட்டார்கள். ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு செல் சாகிறது, அதே அளவு புதிதாகப் பிறக்கிறது. வயிற்று அறுவை சிகிச்சை செய்து மிகவும் இளைத்தவர்களுக்கும் எண்ணிக்கை குறையவில்லை. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் எடையும் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதனால், மூன்று மாதம் மட்டும் தாக்குப்பிடிக்கக்கூடிய டயட்டைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

சாப்பாட்டின் பக்கம்தான் கனம் அதிகம் என்றால் நடை, ஓட்டம், தண்டால் எல்லாம் வீணா? இல்லை. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 இந்தியர்களை வைத்து நடத்திய ஆய்வை 2006-இல் வெளியிட்டார்கள். அதில் ஒரு பிரிவினர் உணவைக் கட்டுப்படுத்தி, தினம் நடந்தார்கள். மூன்று ஆண்டு முடிவில், வழக்கமான மருத்துவ ஆலோசனை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால், அவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்திருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவே இல்லை. நம்மவர்களுக்கு இது முக்கியம். ஒரே உயரம், ஒரே எடை என்றாலும் ஐரோப்பியரைவிட இந்தியர் உடலில் கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றைச் சுற்றித்தான் அதிகம். ஆகவே எடையோடு இடுப்பையும் ஒரு டேப்பால் அளந்து குறித்துவையுங்கள்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும், சாப்பாட்டைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள்.