பெயர்ப்பலகை மாட்டும் முன் உஷார்!

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் சீட்டன் ஹால் என்றொரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் பிசினஸ் ஸ்கூல் நடக்கும் கட்டடத்துக்கு இன்று ஜூபிலி ஹால் என்று பெயர். முதலில் வைத்த பெயர் அதுவல்ல. கோஸ்லோவ்ஸ்கி ஹால் என்றுதான் இருந்தது. டென்னிஸ் கோஸ்லோவ்ஸ்கி அங்கே படித்தவர். டைகோ என்ற பெருநிறுவனத்தின் தலைவராக உயர்ந்தவர். படித்த இடத்துக்கு நன்கொடை கொடுத்தவர். பல்கலைக்கழகமும் பெருமையோடு அவர் பெயரை வைத்தது. 2002இல் அவர்மேல் வழக்குப் பாய்ந்தது. 2005 ஜூனில், தன் நிறுவனத்தின் பணத்தையே கோடிக்கணக்கில் சுருட்டினார் என்று நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றம் உறுதியானது. சிறைக்குப் போனார். குற்றம் உறுதியான பிறகுதான் கட்டடத்தின் பெயர் மாறியது.

இடைப்பட்ட மூன்று வருடம் அந்த மாணவர்கள் எந்தப் பெயரைக் கடந்து வகுப்புக்குப் போனார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பங்குதாரர் பணத்தில் கை வைக்காதே என்று உள்ளே பாடம் நடக்கிறது. கை வைத்ததாக வழக்கில் நிற்பவரின் பெயர் வாசலில் இருக்கிறது. அதே வளாகத்தில் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் ராபர்ட் பிரென்னன் என்ற முன்னாள் மாணவரின் பெயரை வைத்திருந்தார்கள். அவர் மலிவுப் பங்கு வியாபாரத்தில் பெயர் கெட்டுப்போனவர். 2001இல் திவால் மோசடி வழக்கில் தண்டனை பெற்றார். அந்தப் பெயரையும் எடுக்க வேண்டி வந்தது. ஒரே வளாகம், இரண்டு பெயர்ப்பலகை, இரண்டு தலைகுனிவு.

இதை இப்போது எதற்குச் சொல்கிறேன் என்றால், கட்டடம் கட்ட இதே வழியைத்தான் உலகமெங்கும் பிசினஸ் ஸ்கூல்கள் பிடித்திருக்கின்றன. ‘பெயர்சூட்டும் வாய்ப்பு’ என்று அதற்கு மரியாதையான பெயர். புதுக் கட்டடத்தின் வரைபடத்தை வைத்துக்கொண்டு ஹோட்டல் மெனு மாதிரி விலைப்பட்டியல் போடுவார்கள். கட்டடம் முழுவதற்கும் ஒரு விலை. முகப்புக் கூடத்துக்கு ஒரு விலை. அரங்கம், வகுப்பறை, மாணவர்கள் குழுவாக உட்கார்ந்து படிக்கும் சிறு அறை, டீன் அறை, நாற்காலி வரை தனித்தனி விலை. இந்த விலை அந்த அறையைக் கட்ட ஆகும் செலவை வைத்து வருவதல்ல. எத்தனை பேர் கண்ணில் படும் என்பதை வைத்து வருவது. நுழைந்ததும் தெரியும் கூடத்துக்குப் பெருந்தொகை கொடுக்க ஆள் கிடைக்கும். தண்ணீர்த் தொட்டிக்கும் மின்சார அறைக்கும் பெயர் தர யார் வருவார்?

தொகையும் மலைக்க வைக்கும். 1881இல் ஜோசப் வார்ட்டன் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு 1 லட்சம் டாலர் கொடுத்து வணிகப் பள்ளியைத் தொடங்கிவைத்தார்; அந்தப் பெயர் இன்னும் நிற்கிறது. 2008இல் சிகாகோவின் பிசினஸ் ஸ்கூலுக்கு டேவிட் பூத் கொடுத்தது 30 கோடி டாலர். இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் எழுத்துப் பிழை ஒன்று இருந்தாலும் விலை பெரிது. ஆனால் பல இடங்களில் ஒப்பந்தம் எழுதும்போது காட்டும் கவனத்தைவிட ரிப்பன் வெட்டும்போது காட்டும் கவனம்தான் அதிகம்.

முதல் ஆபத்து, பணம் இன்னும் வரவில்லை என்பது. செய்தித்தாளில் ‘10 கோடி டாலர் நன்கொடை’ என்று வந்தால், வங்கியில் 10 கோடி டாலர் விழுந்துவிட்டது என்று பொருள் இல்லை. பெரும்பாலும் அது வாக்குறுதி. ஐந்து வருடம், சில சமயம் அதற்கும் மேல், தவணை தவணையாக வரும். சிலர் உயிலில் எழுதிவைப்பதாகச் சொல்வார்கள். சிலர் பங்குகளாகக் கொடுப்பார்கள். பங்கின் விலை நாளை என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? காண்ட்ராக்டரோ மாதா மாதம் பில் கொடுப்பார். சிமென்ட் கடைக்காரரிடம் வாக்குறுதியைக் காட்டிக் கடன் சொல்ல முடியாது. நடுவில் விழும் பள்ளத்தைப் பல்கலைக்கழகம் கடன்பத்திரம் வெளியிட்டு நிரப்பும். வட்டியை யார் தலையில் கட்டுவார்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாணவரின் ஃபீஸ்தான் கைக்கு எட்டும் வருமானம்.

பெரிய இடங்களே இதில் இடறியிருக்கின்றன. ரெவ்லான் நிறுவனத்தின் அதிபராக இருந்த ரொனால்ட் பெரல்மன் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் புதிய மாணவர் குடியிருப்புக்கு 6.5 கோடி டாலர் தருவதாக 2018இல் அறிவிப்பு வந்தது. குடியிருப்புக்கு அவர் பெயர் என்றார்கள். தவணைகள் வந்து சேரவில்லை. 2021இல் பல்கலைக்கழகம் ஒப்பந்தத்தை முறித்துப் பெயரையும் கைவிட்டது. நியூயார்க்கில் கொலம்பியா பிசினஸ் ஸ்கூலின் புதுக் கட்டடங்களுக்கும் 2013இல் இதே பெரல்மன் 10 கோடி டாலர் தருவதாக அறிவித்தார்கள். இரண்டு கட்டடங்களில் ஒன்று அவர் பெயரில் என்றார்கள். 2022இல் அவை திறந்தபோது ஒன்றின் பெயர் கிராவிஸ் ஹால், இன்னொன்றின் பெயர் கெஃபன் ஹால். பெரல்மன் பெயர் எந்தக் கட்டடத்திலும் இல்லை. கொலம்பியாவுக்கு வேறு கொடையாளர் கிடைத்தார். சின்ன ஊரில் கடனை வாங்கிக் கட்டடத்தை எழுப்பிவிட்டு நிற்கும் கல்லூரிக்கு அப்படி ஒருவர் கிடைப்பாரா?

இரண்டாவது ஆபத்து ‘என்றென்றும்’ என்ற ஒரு சொல்லில் ஒளிந்திருக்கிறது. நியூயார்க் லிங்கன் சென்டர் இசையரங்குக்கு ஏவரி ஃபிஷர் 1973இல் சுமார் 1 கோடியே 5 லட்சம் டாலர் கொடுத்தார். பெயர் நிரந்தரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். முப்பது, நாற்பது வருடத்தில் அரங்கம் பழசாகிப்போனது. புதுப்பிக்கப் பெரும்பணம் வேண்டும். புதுக் கொடையாளர் வர வேண்டுமென்றால் பழைய பெயர் போக வேண்டும். குடும்பத்தார் மறுத்தார்கள். கடைசியில் 2014இல் அந்தக் குடும்பத்துக்கு 1.5 கோடி டாலர் கொடுத்துப் பெயரை மீட்டார்கள். வாங்கியதைவிடக் கூடுதலாகக் கொடுத்து! இது பிசினஸ் ஸ்கூல் கதை அல்ல. ஆனால் ஒப்பந்தம் எழுதும் எந்த டீனும் கையெழுத்துப் போடும் முன் இந்தக் கதையைப் படித்திருக்க வேண்டும்.

பெயர் கெட்டுப்போனால் எடுப்பதற்கு வழி இருக்கிறதா என்பதும் இதோடு சேர்ந்தது. 2018 ஜூலையில் பாப்பா ஜான்ஸ் பீட்சா நிறுவனர் ஜான் ஷ்னாட்டர் இனவெறிச் சொல் ஒன்றைச் சொன்னது வெளியே வந்ததும், லூயிவில் பல்கலைக்கழகம் விளையாட்டரங்கிலிருந்து அவர் நிறுவனத்தின் பெயரையும், வணிகக் கல்லூரியில் இருந்த மையத்திலிருந்து அவர் பெயரையும் நீக்கியது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் 2019 டிசம்பரில் சாக்லர் குடும்பப் பெயரைத் தன் மருத்துவக் கல்விக் கட்டடங்களிலிருந்து எடுத்தது. அந்தக் குடும்பத்தின் நிறுவனம் விற்ற ஆக்ஸிகான்டின் என்ற வலிநிவாரணி மாத்திரையால் சீரழிந்த குடும்பங்களின் குரல் அதற்குப் பின்னால் இருந்தது. ‘இன்ன நிலையில் பெயரை நீக்கலாம், பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை’ என்ற வரி ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் இப்படிப்பட்ட நேரத்தில் கோர்ட் படி ஏற வேண்டியதுதான்.

மூன்றாவது ஆபத்தைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன். அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. கட்டடத்தை யார் பராமரிப்பது?

நம் சோழர் கல்வெட்டுகளில் நந்தா விளக்குத் தானம் நிறைய வரும். அணையா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு கொடுப்பது அந்தக் காலத்தில் பரவலான வழக்கம். அந்த ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் தினம் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டு சொல்லும். ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டி அந்த இடத்துக்கு வந்து எண்ணிக்கை குறையாமல் நிற்க வேண்டும் என்பது பொருள். கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டினார்கள், சரி. ஆனால் விளக்கோடு அது எரிவதற்கான நெய்க்கும் வழி செய்துவிட்டுத்தான் வெட்டினார்கள்.

இன்றைய பெயர்சூட்டலில் அந்த நெய்க் கணக்கு பல சமயம் காணாமல் போகிறது. கண்ணாடிச் சுவரும் உயர்ந்த கூடமும் படத்தில் அழகாகத்தான் இருக்கும். அந்த உயரத்துக்கு ஏசி போட ஆகும் மின்கட்டணம், லிஃப்ட் பராமரிப்பு, பதினைந்து வருடத்தில் கூரைக்கு வரும் ஒழுக்கு, இருபது வருடத்தில் மாற்ற வேண்டிய இயந்திரங்கள் எல்லாம் படத்தில் இல்லை. ஒழுகும் கூரைக்குத் தார் பூச யாரும் பெயர் கேட்டு வருவதில்லை. ஆகவே அந்தச் செலவு வகுப்புக்கும் நூலகத்துக்கும் வர வேண்டிய பணத்தைத் தின்னும். நன்கொடையில் ஒரு பங்கை முதலாக வைத்து, அதன் வட்டியில் பராமரிப்பு நடக்கும்படி செய்யாத எந்தக் கட்டடமும் பரிசல்ல, கடன்.

கொடையாளர் பாடத்திலும் கை வைப்பாரா என்ற பயம் வேறு. 1990களில் டொரன்டோ பல்கலைக்கழக மேலாண்மைப் பள்ளிக்கு ஜோசப் ராட்மன் 1.5 கோடி கனடிய டாலர் கொடுத்தபோது, ஒப்பந்தத்தில் இருந்த நிபந்தனைகள் கல்விச் சுதந்திரத்துக்கு விரோதம் என்று ஆசிரியர்கள் கொதித்தெழுந்தார்கள். வாசகங்களை மாற்றிய பிறகுதான் அடங்கியது. ஆசிரியர்கள் படித்துப் பார்த்ததால் மாறியது. படிக்கவே தராத இடத்தில்?

பெயர் விற்காமலும் பணம் திரட்டலாம் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 2007இல் விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழகத்தின் பிசினஸ் ஸ்கூலுக்கு முன்னாள் மாணவர்கள் 13 பேர் சேர்ந்து 8.5 கோடி டாலர் கொடுத்தார்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று: குறைந்தது 20 வருடத்துக்குப் பள்ளிக்கு யார் பெயரையும் வைக்கக் கூடாது. கட்டடத்துக்கு அங்கேயும் கிரெயிஞ்சர் ஹால் என்று கொடையாளர் பெயர்தான். பள்ளியின் பெயரை மட்டும் தொடவிடவில்லை. அதிலும் காலவரை போட்டார்கள் பாருங்கள், அந்தப் புத்திசாலித்தனத்தைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். என்றென்றும் என்று எழுதவில்லை.

இந்தக் காற்று நம் பக்கமும் வீசத் தொடங்கிவிட்டது. 2024இல் சென்னை ஐஐடிக்கு அதன் முன்னாள் மாணவர் கிருஷ்ணா சிவுகுலா 228 கோடி ரூபாய் கொடுத்தார். வளாகத்தில் ஒரு கட்டடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அள்ளிக் கொடுக்க மனம் வருவது பெரிய விஷயம், அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் இதைப் பார்த்து நாளை ஒவ்வொரு கல்லூரியும் விலைப்பட்டியலோடு கிளம்பும். முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் வண்ணப்படம் வரும். ‘அறைக்கு இவ்வளவு, பெயர் உங்களுடையது’ என்று ஃபோன் வரும்.

வந்தால் பணம் போடும் முன் ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்குங்கள். மொத்தத் தொகையில் கைக்கு வந்தது எவ்வளவு, வாக்குறுதி எவ்வளவு என்று கேளுங்கள். பெயர் எத்தனை வருடத்துக்கு, எந்த நிலையில் நீக்கலாம், பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நீங்கள் நிர்வாகக் குழுவில் இருப்பவரானால், கடைசித் தவணை வந்து சேரும்வரை அந்த வாசலில் ஒரு பெயரையும் பொறிக்க விடாதீர்கள்.