உயர்த்தும் கிண்ணமும் பருகும் கிண்ணமும்

ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துகளால் ஆன ‘கப்’ என்னும் சொல்லுக்கு நம் வீடுகளில் வழங்கும் பெயர்கள் பல. குவளை, கிண்ணம், கோப்பை, பேணி என்று இடத்துக்கும் பயனுக்கும் ஏற்பப் பெயர் மாறும். இவற்றுள் கோப்பை என்பது போர்த்துக்கேயர் வழியாக நமக்கு வந்த சொல். அவர்களது மொழியில் ‘கோப்போ’ என்றால் குடிக்கும் கலம். ஆனால் யாழ்ப்பாணத்துக்கு வந்த அச்சொல் சற்றே விரிந்து, சோறு உண்ணும் தட்டுக்கும் பெயராகிவிட்டது. தமிழகத்து விருந்தினர் ஒருவரிடம் கோப்பையில் சோறு போடட்டுமா என்று கேட்டால் அவர் திகைத்துத்தான் போவார்.

ஆங்கிலேயர் அச்சொல்லால் அளவையும் குறிப்பர். ஆங்கிலச் சமையற் குறிப்புகள் பலவற்றில் மாவும் சீனியும் ‘கப்’ கணக்கில் வரும். நம் அடுக்களைகளில் அந்த வேலையைச் சுண்டும் வெறும் பால்பேணியும் செய்துவந்தன. தமக்கு ஒவ்வாத ஒன்றைக் குறித்து, அது தம்முடைய தேநீர்க் கோப்பை அன்று என்று சொல்வதும் அவர்கள் வழக்கம். 1867 ஆம் ஆண்டு லூல்கந்துரையில் தேயிலைப் பயிர்ச்செய்கை தொடங்கிய நாள் முதலாக அந்தக் கோப்பையை நிரப்பிவந்த மலையக மக்கள், தாம் மட்டும் பாலில்லாத சாயத்தண்ணி குடித்தே மலையேறினார்கள் என்பது அந்த வழக்கில் வருவதில்லை.

நமக்கே உரியது மூக்குப்பேணி. பித்தளையில் வார்த்து, பக்கத்தில் ஒரு சிறு மூக்கு வைத்த அழகிய பாத்திரம். உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிக்கலாம். ஒருவரது எச்சில் மற்றவரைச் சேராது. சுகாதாரத்தின்படி பார்த்தால் இது பாராட்டத்தக்க ஏற்பாடே. ஆனால் எச்சில் பற்றிய நம் கவலை சுகாதாரத்தோடு நின்றுவிடவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. இன்னார்க்குச் செம்பு, இன்னார்க்குச் சிரட்டை என்று வகுத்தவர்கள் நாமே. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 ஆம் ஆண்டிலேயே வந்தது. அதன் பின்னரும், தேநீர்க் கடைகளில் எல்லாரையும் போல அமர்ந்து அதே குவளையில் ஒரு தேநீர் குடிப்பதற்காக 1960களில் வடக்கிலே மக்கள் போராட வேண்டியிருந்தது. யாக்கோபின் கிணற்றருகே சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்ட இயேசுவைக் கண்டு அவள் வியந்ததன் காரணம் நமக்கு விளக்கவுரை இன்றியே விளங்கும் (யோவா 4:9).

இனி இன்னொரு கிண்ணத்துக்கு வருவோம். தமிழகத்தார் உலகக் கோப்பை என்பதை நாம் உலகக் கிண்ணம் என்கிறோம். 1996 மார்ச் 17 அன்று லாகூரில் அவுஸ்திரேலியாவை ஏழு விக்கெட்டுகளால் வென்று அர்ஜுன ரணதுங்க அக்கிண்ணத்தை உயர்த்தியபோது தென்னிலங்கையின் வீதிகள் நிறைந்தன. கண்டியிலிருந்து சென்ற முத்தையா முரளிதரனும் அந்த அணியிலே இருந்தார் என்பதில் நமக்கும் ஒரு பெருமை. அதே இரவில், 1995 ஒக்டோபர் 30 அன்று வீடுவாசலை விட்டு நடந்த வலிகாமத்து மக்கள், தென்மராட்சியிலும் வன்னியிலும் பாடசாலைகளிலும் ஆலய விறாந்தைகளிலும் மர நிழல்களிலும் இருந்தனர். ஒரு தீவின் ஒரு பக்கத்தில் உயர்த்தப்பட்ட கிண்ணம். மறுபக்கத்தில் பருகிக்கொண்டிருந்த கிண்ணம். இரண்டுக்கும் நம் மொழியில் சொல் ஒன்றே.

திருவிவிலியத்தில் கிண்ணம் என்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது பொருளையே தாங்கி வரும். விருந்தளிப்பவர் ஒவ்வொருவருடைய கிண்ணத்திலும் வார்ப்பார். வார்த்ததைப் பருகுவது விருந்தினர் பங்கு. ஆகையால் ஒருவருக்கு வாழ்வில் அளிக்கப்பட்டது எதுவோ, அது அவருடைய கிண்ணம். திருப்பாடல் ஆசிரியருக்கு ஆண்டவரே அவருடைய கிண்ணம் (16:5). இன்னோரிடத்தில் அது நிரம்பி வழிகிறது (23:5). எரேமியாவின் கையிலோ அது சினத்தின் இரசம் நிறைந்ததாக நாடுகளுக்கு நீட்டப்படுகிறது (25:15). கெத்சமனியில் ஆண்டவர் அகற்றும்படி மன்றாடியதைக் கிரேக்க மூலம் வெறுமனே கிண்ணம் என்கிறது. நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் ‘துன்ப’ என்னும் அடைமொழியைச் சேர்த்து நமக்குப் பொருளை எளிதாக்கித் தந்தனர். அந்த எளிமையால் ஒன்றை இழந்தோமோ என்று நான் சில வேளை எண்ணுவதுண்டு. நிரம்பி வழிந்த கிண்ணமும் அகற்றக் கேட்ட கிண்ணமும் ஒரே கையிலிருந்து வந்தவை என்பது அடைமொழி இல்லாதபோது கூடுதலாகத் தெரிகிறது.

இப்போது செபதேயுவின் மனைவியை நினைத்துப் பாருங்கள். தன் மக்கள் யாக்கோபையும் யோவானையும் கூட்டிவந்து, ஆட்சியிலே ஒருவனுக்கு வலப்புறமும் மற்றவனுக்கு இடப்புறமும் இருக்கை கேட்கிறாள் (மத் 20:20-23). மறையுரைகளில் இந்தத் தாயை நாம் கடிந்துகொள்வதே வழக்கம். எனக்கு அவ்வாறு கடிய மனம் வருவதில்லை. வலையும் வள்ளமும் விட்டுப் போன பிள்ளைகளுக்கு ஒரு நிலையான இடம் கேட்டாள், அவ்வளவே. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு முன்பு கொச்சிக்கடை அந்தோனியாரிடம் மெழுகுதிரி கொளுத்துகின்ற தாயும், மகனுடைய விசாவுக்காக மடுத்திருப்பதிக்கு நேர்த்தி வைக்கின்ற தாயும் அவளுடைய உடன்பிறந்தவர்களே.

ஆண்டவர் அவளைக் கடியவில்லை. பிள்ளைகளை நோக்கி ஒரு கேள்வி கேட்டார்: தாம் பருகவிருக்கும் கிண்ணத்தில் அவர்களும் பருக இயலுமா? மூக்குப்பேணி பழகிய நாம் இக்கேள்வியை அதன் முழுக் கூர்மையோடு கேட்க வேண்டும். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளும் வழி இங்கு இல்லை. அவர் உதடு பட்ட கிண்ணத்தில் தம் உதடும் படவேண்டும். இருவரும் இயலும் என்றார்கள். வெற்றிக் கிண்ணம் என்று எண்ணியே சொன்னார்கள் போலும்.

யாக்கோபை முதலாம் ஏரோது அகிரிப்பா வாளால் கொன்றான் (திப 12:2). திருத்தூதருள் முதலில் இரத்தம் சிந்தியவர் அவரே. யாகப்பர் என்றும் சந்தியோகுமையோர் என்றும் நம் முன்னோர் அழைத்த அவர் பெயரால் நம் கரையோரங்களில் ஆலயங்கள் பல. அவற்றுள் ஒன்றாகிய குருநகர் ஆலயம் 1993 நவம்பரில் குண்டுவீச்சுக்கு உள்ளானது.

அந்தத் தாயைப் பற்றி மத்தேயு மேலும் ஒரு செய்தி தருகிறார், பலரும் கவனிப்பதில்லை. கல்வாரியில் தொலைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெண்களுள் செபதேயுவின் மக்களுடைய தாயும் இருந்தாள் (27:56). அதே அதிகாரத்தில் சில வசனங்கள் முன்னே, இயேசுவின் வலப்புறத்தில் ஒருவனும் இடப்புறத்தில் ஒருவனுமாக இரு கள்வர் அறையப்பட்டனர் என்று எழுதுகிறார் (27:38). தான் கேட்ட இரண்டு இடங்களையும் அவள் கண்ணால் கண்டாள். அப்போது அவள் என்ன நினைத்தாள் என்று நற்செய்தி சொல்லவில்லை. ஆனால் அவள் திரும்பிப் போகவில்லை.

1983க்குப் பின்னர் நம் தாய்மார் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பினார்கள். உயிர் தப்பட்டும் என்றே அனுப்பினார்கள். கூடவே ஒரு நல்ல இடம் கிடைக்கட்டும் என்றும் ஆசைப்பட்டார்கள். காணி ஈடு வைக்கப்பட்டது, தாலிக்கொடி விற்கப்பட்டது. பாரிசிலும் இலண்டனிலும் சூரிச்சிலும் உணவகங்களின் பின்கட்டில் நின்று அப்பிள்ளைகள் செய்த வேலைக்கு நம்மவர் வைத்த பெயர் ‘கோப்பை கழுவுதல்’. தொலைபேசியில் அதைச் சொன்னவர்கள் குறைவு. நல்ல வேலை, குளிர்தான் கொஞ்சம் என்றார்கள். ஊரில் அந்தப் பணத்தில் தங்கையின் கலியாணம் நடந்தது, ஆலயத்துக்கு மணி வந்தது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் இன்னும் ஒரு தலைமுறை அதே வழியில் புறப்பட்டது. நம் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் பிள்ளை பாடசாலையில் வென்ற வெற்றிக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கின்றன. அவன் இன்று பருகுவது என்ன என்று கேட்பதற்கு நமக்குத் தயக்கம். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவானோ என்ற அச்சம் அது. அவனும் அதே அச்சத்தினால்தான் சொல்லாதிருக்கிறான். இப்படி இரு பக்கமும் ஒருவரையொருவர் காத்துக்கொண்டு, உதடு படாமல் அன்பை ஊற்றிக் குடிக்கிறோம்.

திருப்பலியில் இரசம் வார்த்த கிண்ணத்தில் குருவானவர் ஒரு துளி நீர் சேர்ப்பதைக் கண்டிருப்பீர்கள். மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகரின் ஆயராயிருந்த புனித சிப்பிரியான், அந்த நீர் மக்களைக் குறிக்கிறது என்று ஒரு திருமுகத்தில் விளக்கினார். கலந்தபின் அதைப் பிரித்தெடுக்க எவராலும் இயலாது. 1415 ஆம் ஆண்டு கொன்ஸ்தான்சுப் பொதுச்சங்கம் பொதுநிலையினருக்குக் கிண்ணத்தை வழங்க வேண்டாம் என்று விதித்தது. 1963 ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதற்கு மீண்டும் வழி திறந்தது. நம் பங்குகளில் திருமண நாட்களிலும் வேறு சில வேளைகளிலும் தவிர இன்றும் பலர் அப்பத்தை மட்டுமே பெறுகின்றனர். அப்பத்திலும் முழுக் கிறிஸ்துவே உண்டு, குறை ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் துளி அக்கிண்ணத்தில் ஒவ்வொரு நாளும் விழுகிறது. வெளிநாட்டிலுள்ள மகனுக்காக என்று நீங்கள் எழுதித் தரும் சீட்டு வாசிக்கப்பட்டாலும் வாசிக்கப்படாவிட்டாலும் அது விழுகிறது.

நற்கருணை வழங்கி முடிந்ததும் குருவானவர் கிண்ணத்தில் நீர் வார்த்து, அலசி, அந்நீரையும் தாமே பருகிவிட்டு, வெண்துகிலால் துடைத்து வைப்பார். ஆலயத்தில் அந்த நேரம் பலரும் அறிவித்தல்களுக்குக் காத்திருப்பார்கள். சிலர் வாசலை நோக்கி நகரத் தொடங்கியிருப்பார்கள். வரும் ஞாயிறு அந்த ஒரு நிமிடம் பீடத்தைப் பாருங்கள். அங்கே குனிந்து நின்று கிண்ணத்தைக் கழுவுகின்ற வேளையில், பிறநாட்டு உணவகமொன்றில் இரவு வேலை முடித்த உங்கள் பிள்ளையும் கடைசிக் கோப்பையைத் துடைத்து வைத்துக்கொண்டிருக்கக்கூடும்.