காருக்குள் கைத்துப்பாக்கி: 18 வயதுக்காரருக்கு அமெரிக்கச் சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 19 வயது இளைஞர் ஒருவர் கைத்துப்பாக்கியை இடுப்பு உறையில் வெளியே தெரியும்படி செருகிக்கொண்டு கடைத்தெருவில் நடக்கலாம். பெரும்பாலான ஊர்களில் அதற்கு உரிமம் எதுவும் தேவையில்லை. ஆனால் அதே துப்பாக்கியோடு அவர் தன் காரில் ஏறி உட்கார்ந்தால் குற்றம். வாகனத்தில் கைத்துப்பாக்கி கொண்டுபோக அங்கே உரிமம் வேண்டும். அந்த உரிமத்தை 21 வயது நிறைந்தவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். பயிற்சித் திடலுக்குத் தோட்டா இல்லாமல் எடுத்துப்போவது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு.

டெக்சாஸில் சில ஆண்டுகளுக்கு முன்புவரை இதற்கு நேர்மாறான நிலை. 2007-ல் வந்த சட்டத்தின்படி, சொந்தக் காருக்குள் வெளியே தெரியாமல் கைத்துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டாம். 18 வயதுக்காரரும் வைத்துக்கொள்ளலாம். 2021-ல் 21 வயது நிறைந்தவர்கள் உரிமம் இல்லாமலே பொது இடத்தில் துப்பாக்கியோடு நடக்கலாம் என்று அந்த மாநிலம் சட்டம் போட்டபோது, 18 முதல் 20 வரை உள்ளவர்களுக்குக் கார் மட்டும் மிஞ்சியது. காரில் இருக்கும்வரை சரி, இறங்கிப் பெட்ரோல் பங்க் கடைக்குள் போனால் தவறு. 2022 ஆகஸ்டில் ஃபோர்ட் வொர்த் நகரில் மத்திய நீதிபதி மார்க் பிட்மன் அந்தக் கட்டுப்பாட்டையும் செல்லாது என்றார். மாநில அரசு முதலில் மேல்முறையீடு செய்தது. டிசம்பரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஒரே அரசியல் சட்டத்தின் கீழ் இரண்டு மாநிலங்கள், ஒரே வயதுக்காரரை இப்படி இரண்டு விதமாக நடத்தியிருக்கின்றன. இரண்டிலும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். டாலஸ் புறநகரிலோ பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திலோ நம் பிள்ளையோ அக்கா மகனோ இருக்கும்போது, இதை யாரோ ஒரு நாட்டின் வழக்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

இந்தக் குழப்பத்துக்கு வேர் 1968-ல் இருக்கிறது. மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்ட அந்த ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. உரிமம் பெற்ற கடைக்காரர் 21 வயதுக்குக் கீழே உள்ளவருக்குக் கைத்துப்பாக்கி விற்கக் கூடாது. ரைஃபிளையும் ஷாட்கன்னையும் 18 வயதில் விற்கலாம். 1994-ல் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், சில விலக்குகள் தவிர, கைத்துப்பாக்கி வைத்திருக்கவே தடை வந்தது. இடையில் 18, 19, 20 என்ற மூன்று வயதுகள் தொங்கலில் விடப்பட்டன. அந்த வயதில் கைத்துப்பாக்கி வைத்திருக்கலாம், கடையில் வாங்க முடியாது. அப்பா பரிசாகத் தரலாம். பல மாநிலங்களில் தெரிந்தவரிடம் விலைக்கும் வாங்கலாம். அதைக் காரில் எப்படிக் கொண்டுபோவது என்பதைப் பெரும்பாலும் மாநிலங்களின் கையில் விட்டுவிட்டார்கள்.

மாநிலங்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. தெற்கு கரோலினாவில் கைத்துப்பாக்கி, காரின் மூடிய டேஷ்போர்டு பெட்டியிலோ டிக்கியிலோ இருக்க வேண்டும் என்றிருந்தது. 2024 மார்ச்சில் அந்தக் கட்டுப்பாடும் போய், 18 வயதிலிருந்தே உரிமம் இல்லாமல் கொண்டுபோகலாம் என்றானது. லூசியானாவிலும் அதே ஆண்டு ஜூலை 4 முதல் அப்படித்தான். கலிஃபோர்னியாவில் உரிமம் இல்லாதவர் கைத்துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல், பூட்டிய பெட்டியிலோ டிக்கியிலோதான் கொண்டுபோகலாம்; உரிமத்துக்கு வயது 21. டெக்சாஸில் வளர்ந்த பையன் வேலை கிடைத்து லாஸ் ஏஞ்சலிஸுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனால், வழியில் சட்டம் எத்தனை முறை மாறுகிறது என்பது அவனுக்குத் தெரியாது. 1986-ல் வந்த மத்திய அரசின் சட்டம் ஒன்று இப்படிப்பட்ட பயணிகளுக்குக் கொஞ்சம் பாதுகாப்புத் தருகிறது. துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது, துப்பாக்கியும் தோட்டாவும் ஓட்டுபவரின் கைக்கு எட்டக் கூடாது. தனி டிக்கி இல்லாத வண்டியில் பூட்டிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். டேஷ்போர்டு பெட்டி அந்தக் கணக்கில் சேராது. கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் அந்தத் துப்பாக்கி அவருக்குச் சட்டப்படி அனுமதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்று 1990-ல் ஒரு சட்டம் வந்தது. 1995-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது; அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் திருத்தி மறுபடி நிறைவேற்றியது. அதில் முக்கியமான விலக்கு இருவருக்கு: அந்த மாநிலத்தின் உரிமம் பெற்றவர், தோட்டா நீக்கிய துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் வைத்திருப்பவர். இன்று 29 மாநிலங்கள் உரிமமே வேண்டாம் என்று சொல்லிவிட்டன. அதை நம்பி உரிமம் வாங்காத இளைஞர், தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு பள்ளிக்கூடம் இருக்கும் தெருவில் காரோட்டிப் போனால் மாநிலச் சட்டப்படி சரி, மத்திய சட்டப்படி குற்றம். அமெரிக்க ஊர்களில் பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டு போவது நடக்கிற காரியமா? அதுவும் அங்கே 18 வயதில் பலர் இன்னும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள். தாங்களே காரோட்டிப் பள்ளிக்குப் போகிறவர்கள்.

நீதிமன்றங்களில் வயதைப் பற்றிய வாதம் ஓடும் திசை வேறு. 2022 மே மாதம் டெக்சாஸின் யுவால்டியில் 18 வயது இளைஞன் ஒருவன், பிறந்தநாள் முடிந்த கையோடு சட்டப்படி வாங்கிய ரைஃபிளால், தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றான். அடுத்த மாதமே, 21 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் துப்பாக்கி வாங்கும்போது கூடுதலாக விசாரிக்க வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதே வாரத்தில் உச்ச நீதிமன்றம் புருவன் வழக்கில் தீர்ப்புச் சொன்னது: துப்பாக்கிக் கட்டுப்பாடு எதுவானாலும் அது நாட்டின் வரலாற்று மரபுக்குப் பொருந்த வேண்டும். அன்று முதல் வழக்கறிஞர்கள் பழைய ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். 1792-ல் வந்த படைச் சட்டம் 18 வயது ஆண்களைத் துப்பாக்கியோடு வரச் சொன்னதே என்கிறது ஒரு தரப்பு. அன்று 21 வயது ஆகும்வரை சட்டத்தின் கண்ணில் எல்லோரும் மைனர்தானே, 1824-ல் ஜெஃபர்சனும் மேடிசனும் இருந்த குழுவே வர்ஜீனியா பல்கலைக்கழக மாணவர்கள் துப்பாக்கி வைத்திருக்கத் தடை போட்டதே என்கிறது மறுதரப்பு.

தீர்ப்புகளும் இரண்டாகப் பிளந்து கிடக்கின்றன. பொது இடத்தில் துப்பாக்கி கொண்டுபோகும் உரிமத்துக்கு மினசோட்டா வைத்திருந்த 21 வயது நிபந்தனையை 2024-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. உச்ச நீதிமன்றம் 2025-ல் அதில் தலையிட மறுத்தது. கடைக்காரர் 18 வயதுக்காரருக்குக் கைத்துப்பாக்கி விற்கத் தடை விதிக்கும் 1968-ம் ஆண்டுச் சட்டத்தை, 2025 ஜனவரியில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. ஜூனில் இன்னொன்று செல்லும் என்றது. இதே கேள்வியில் 2021-ல் வந்த ஒரு தீர்ப்பு, வழக்குப் போட்டவருக்கு 21 வயது ஆகிவிட்டதால் கைவிடப்பட்டது. வழக்கு முடிவதற்குள் வயது வந்துவிடுகிறது. கேள்வி அடுத்த இளைஞரிடம் போகிறது.

இந்த வழக்குகள் எல்லாம் வயதைப் பற்றியே பேசுகின்றன. எனக்கு மனம் ஒப்பாத இடம் இதுதான். 18 வயதில் வாக்களிக்கலாம், ராணுவத்தில் சேரலாம், துப்பாக்கி மட்டும் கூடாதா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. இரவுப் பணி முடிந்து ஆளரவமில்லாத சாலையில் ஒரு மணி நேரம் தனியாகக் காரோட்டி வீடு திரும்பும் 19 வயதுப் பெண் தன் பாதுகாப்புக்கு என்ன செய்வாள் என்று கேட்டால், அதை எளிதாகத் தட்டிவிட முடியாது. ஆனால் வீட்டில் இருக்கும் துப்பாக்கியும் காரில் இருக்கும் துப்பாக்கியும் ஒன்றல்ல. 1792-ம் ஆண்டு ஏட்டில் எவ்வளவு தேடினாலும் கார் கிடைக்காது.

2021 மே 21 காலை, கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் 55-ம் எண் நெடுஞ்சாலை. ஒரு தாய் தன் 6 வயது மகனைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறார். பையன் பின் சீட்டில், சிறுவர் இருக்கையில். இன்னொரு கார் சட்டென்று குறுக்கே வர, கோபத்தில் தாய் கையைக் காட்டுகிறார். அந்தக் காரில் ஓட்டாமல் பயணியாக உட்கார்ந்திருந்தவன் இருபதுகளில் இருந்த இளைஞன், வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன். கைக்கெட்டும் தூரத்தில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி. ஒரே குண்டு. காரின் பின்பக்கத்தைத் துளைத்துப் பையன் மீது பாய்ந்தது. 2024-ல் அந்த இளைஞனுக்குக் குறைந்தது 40 ஆண்டு முதல் ஆயுள்வரை தண்டனை கிடைத்தது. கலிஃபோர்னியாவில் சட்டம் கடுமையாக இருந்தும் இது நடந்தது என்று துப்பாக்கி ஆதரவாளர்கள் சொல்வார்கள், அது உண்மை. அந்தத் துப்பாக்கி சட்டம் சொன்ன மாதிரி டிக்கியில் பூட்டிக் கிடந்திருந்தால் அந்தப் பையன் அன்று வகுப்புக்குப் போயிருப்பான் என்பதும் அதே அளவு உண்மை. சாலைக் கோபம் சில நொடிகளில் தணியும். அந்த நொடிகளில் கைக்கு எது எட்டுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

காரில் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு இருக்கும் ஆபத்தையும் சொல்ல வேண்டும். 2016 ஜூலையில், மினசோட்டாவின் ஃபால்கன் ஹைட்ஸில் ஃபிலாண்டோ காஸ்டில் என்ற 32 வயதுப் பள்ளி உணவக மேற்பார்வையாளரைப் போலீஸ்காரர் ஒருவர் மறித்தார். காஸ்டிலிடம் முறையான உரிமம் இருந்தது. தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று அவராகவே மரியாதையாகச் சொன்னார். சில நொடிகளில் போலீஸ்காரர் 7 முறை சுட்டார். பின் சீட்டில் 4 வயதுக் குழந்தை இருந்தது. மறு ஆண்டு ஜூரி அந்தப் போலீஸ்காரரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. காஸ்டில் கறுப்பினத்தவர். தோலின் நிறம் கறுப்பாகவோ பழுப்பாகவோ உள்ள குடும்பங்கள் இதை மறக்கக் கூடாது. அமெரிக்காவில் வண்டிப் பதிவுக் காகிதம் டேஷ்போர்டு பெட்டியில்தான் இருக்கும். துப்பாக்கியும் அங்கேயே இருந்தால், போலீஸ்காரர் காகிதம் கேட்கும் நேரத்தில் 19 வயதுப் பையன் பதற்றத்தில் அந்தப் பெட்டியை நோக்கிக் கையை நீட்டுவான். சட்டம் அவன் பக்கம் இருப்பதால் மட்டும் அந்த நொடியில் உயிர் தப்பிவிட முடியாது.

மூன்றாவது ஆபத்து திருட்டு. 2017 முதல் 2021 வரை 5 ஆண்டுகளில் தனியாரிடமிருந்து திருடுபோனதாகப் பதிவான துப்பாக்கிகள் 10 லட்சத்துக்கும் மேல் என்கிறது அமெரிக்க மத்திய அரசின் துப்பாக்கிக் கண்காணிப்புத் துறை. எஃப்பிஐ தரவுகளை ஆராய்ந்த, துப்பாக்கிக் கட்டுப்பாடு கோரும் எவரிடவுன் அமைப்பு, துப்பாக்கித் திருட்டுகளில் சுமார் பாதி கார்களிலிருந்துதான் நடக்கிறது என்கிறது. கார் கண்ணாடியை உடைக்க ஒரு கல் போதும். பலர் கதவைப் பூட்டக்கூட மறந்துவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்துக்குள்ளும் மதுக்கடைக்குள்ளும் துப்பாக்கி கூடாது என்றால் அது எங்கே கிடக்கும்? பார்க்கிங்கில், காரின் சீட்டுக்கு அடியில். 2020 முதல் அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணம் துப்பாக்கி. கார் விபத்துகளை அது முந்திவிட்டது.

ஆகவே, 18 வயதுக்காரருக்கு உரிமை உண்டா இல்லையா என்று வரலாற்றைக் கிண்டிக்கொண்டே இருப்பதைவிட, காரில் துப்பாக்கி எப்படி இருக்க வேண்டும் என்பதை மாநிலங்கள் ஒழுங்காகச் சொன்னால் போதும். 21 வயதுக்குக் கீழே உள்ளவரின் காரில் தோட்டா தனியாக, துப்பாக்கி பூட்டிய பெட்டியில், அந்தப் பெட்டி டிக்கியில். வேட்டைக்குப் போகிறவருக்கும் பயிற்சித் திடலுக்குப் போகிறவருக்கும் இதனால் எந்த இழப்பும் இல்லை. இரவில் தனியே போகும் பெண்ணுக்கு இது போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவருக்கு முறையான பயிற்சியும் பின்னணி விசாரணையும் முடித்துத் தனி உரிமம் கொடுக்கட்டும்.

நம் வீடுகளுக்கு அவசரமாகத் தெரிய வேண்டியது வேறு ஒன்று. எஃப்-1 விசாவில் படிப்பவர், எச்-1பி விசாவில் வேலை செய்பவர், எச்-4 விசாவில் இருக்கும் அவர்களின் மனைவி, கணவர், பிள்ளைகள் என யாருமே மத்திய சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. செல்லத்தக்க வேட்டை உரிமம் பெற்றிருப்பது போன்ற சில விலக்குகள்தான் உண்டு. மாநிலம் 18 வயதுக்கு எவ்வளவு தாராளமாகக் கதவைத் திறந்து வைத்திருந்தாலும் இவர்களுக்கு அது பொருந்தாது. 2022-க்குப் பிறகு இந்தக் குற்றத்துக்கு 15 ஆண்டு வரை சிறை, விசாவும் போகும். பயிற்சித் திடலில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் பிடித்துப் புகைப்படம் எடுத்துப் போடுவதும் சிக்கலில் கொண்டுவிடும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் குடிமக்களுக்கும் இந்தத் தடை இல்லை.

அதனால் அமெரிக்காவில் பிள்ளை இருந்தால் இந்த வாரம் பேசும்போது சொல்லுங்கள். நண்பனின் காரில் ஏறுமுன் உள்ளே துப்பாக்கி இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேட்கட்டும். இருந்தால் ஏற வேண்டாம், அந்தக் காரைக் கடன் வாங்கி ஓட்டவும் வேண்டாம். போலீஸ் மறித்தால் உள்விளக்கைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேலே வைத்து, சொல்லாமல் எதையும் எடுக்காமல் இருக்கட்டும். சந்தேகம் வந்தால் கூட்டாளிகளிடம் கேட்காமல் அந்த மாநிலத்தின் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்கட்டும்.