இறுவட்டுக்குப் பிரதி எடுத்தல்

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய கரையோர ஊர்களில், வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரியிலோ உடுப்பு அலுமாரியின் மேற்றட்டிலோ நாலைந்து டீவீடி இறுவட்டுகள் இல்லாத வீடு அரிது. ஒன்று மூத்த மகளின் கலியாணம். மற்றொன்று வாப்பாவின் ஹஜ் பயண வழியனுப்பு. பிறிதொன்று பாடசாலைப் பரிசளிப்பு விழா. இன்னொன்று கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்றம். அவற்றுட் சிலவற்றில் இன்று உயிரோடு இல்லாதவர்களின் நடையும் சிரிப்பும் இருக்கின்றன. மாப்பிள்ளை வந்திறங்கியபோது மூத்தம்மா இட்ட குரவை வேறெங்கும் பதிவாகவில்லை. அந்த ஒரு வட்டில் மாத்திரமே உண்டு.

ஒருநாள் அவ்வட்டை இயக்கியில் இட்டால் படம் நின்று நின்று ஓடுகின்றது. அல்லது ஓடவே மறுக்கின்றது. வீட்டார் பதறிக் கடைக்கு எடுத்துச் செல்கின்றனர். “தம்பி, இதில எங்கட உம்மா இரிக்காங்க, எப்பிடியாச்சும் இன்னொரு கொப்பி எடுத்துத் தாங்க” என்று கேட்கின்றனர். கணினி முயல்கின்றது, பாதி வழியில் ஏதோ ஆங்கில வாசகம் ஒன்றைக் காட்டி நின்றுவிடுகின்றது. “மென்பொருள் பழுது” என்றோ “வட்டுப் பழுது” என்றோ சொல்லி அலுவல் கைவிடப்படுகின்றது. ஆயினும் இவ்வாறு கைவிடப்படும் வட்டுகளுட் பல மீட்கத்தக்கவை. பழுது எங்கே நேர்ந்தது என்பதை அறிந்துகொள்வதே மீட்பின் முதற்படி.

அதற்கு வட்டின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். டீவீடி என்பது 12 சென்றிமீற்றர் விட்டமும் 1.2 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட பிளாஸ்திக்குத் தகடு. உண்மையில் அது ஒன்றோடொன்று ஒட்டப்பட்ட இரு மெல்லிய தகடுகளாகும். வீட்டிலும் கடையிலும் எழுதப்படும் வட்டில், இவற்றின் இடையே ஒரு சாயப் படலமும், ஒளியைத் திருப்பும் உலோகப் படலமும் உள்ளன. எழுதும் இயக்கியின் செந்நிற லேசர்க் கதிர் சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சுட்டுக் கறுக்கச் செய்கின்றது. இதனாலேயே இத்தொழிலுக்கு ‘எரித்தல்’ என்ற பெயர் வந்தது. சுருள்போற் செல்லும் தடத்தின் இரு சுற்றுகளுக்கிடையே உள்ள தூரம் 0.74 மைக்கிரோன், அதாவது ஒரு மில்லிமீற்றர் அகலத்தினுள் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட சுற்றுகள் அடங்கும். இத்துணை நுண்ணிய எழுத்தின் மீது ஒரு விரலடையாளம் படிந்தாலும் அது பெருந்தடையாகும் என்பதில் வியப்பில்லை.

பிரதி எடுத்தல் மூன்று கட்டங்களில் நிகழ்கின்றது. பழைய வட்டை வாசித்தல் முதலாவது. வாசித்ததை வன்தட்டில் வைத்திருத்தல் இரண்டாவது. அதைப் புதிய வட்டில் எழுதுதல் மூன்றாவது. மூன்றையும் ஒரே மூச்சிற் செய்யும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. பழைய வட்டுக்கு அவ்வழி உகந்ததன்று. மூன்றையும் தனித்தனியே செய்தால், எக்கட்டத்தில் இடர் நேர்ந்தது என்பது தானே வெளிப்பட்டுவிடும்.

முதற் கட்டத்தில் அடிக்கடி தோன்றும் அறிவிப்பு ‘சைக்ளிக் ரிடண்டன்சி எரர்’ என்பது. வட்டில் எழுதப்பட்டுள்ள ஒவ்வொரு பகுதியோடும் அதைச் சரிபார்க்கும் எண் ஒன்றும் சேர்த்து எழுதப்பட்டிருக்கும். வாசித்ததும் எண்ணும் ஒத்துவராதபோது இவ்வறிவிப்பு வருகின்றது. பிழை மென்பொருளில் இல்லை. வட்டின் பரப்பிலோ இயக்கியின் கண்ணாடி வில்லையிலோ உள்ளது. முதலில் வட்டைத் தூய நீரில் நனைத்த மென்மையான பருத்தித் துணியால், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோட்டில் துடைத்தல் வேண்டும். வட்டமாகத் துடைக்கலாகாது, வட்டமாக விழும் கீறல் தடத்தின் வழியே நீண்டு செல்வதால், நேர்க் கீறலினும் அதிக கேடு செய்யும். துடைத்து உலர்த்திய பின்னும் வாசிக்காவிடின், வேறோர் இயக்கியில் இட்டுப் பார்த்தல் வேண்டும். ஒரே வட்டை ஓர் இயக்கி மறுப்பதும் மற்றொன்று வாசிப்பதும் அன்றாடம் காணும் நிகழ்ச்சி. வாசிக்கும் வேகத்தைக் குறைத்தலும் பயன் தரும்.

இவையும் தோற்றால், பழுதான வட்டுகளுக்கென்றே ஆக்கப்பட்ட மென்பொருள்கள் உண்டு. ‘ஜிஎன்யூ டீடீரெஸ்கியூ’ என்பது அவற்றுள் ஒன்று, இலவசமானது. சாதாரண மென்பொருள் முதற் பிழையிலேயே நின்றுவிட, இது பிழையான இடத்தைக் குறித்துவைத்துக் கொண்டு மேலே செல்கின்றது. எஞ்சியதை வாசித்து முடித்த பின் மீண்டும் வந்து முயல்கின்றது. அக்குறிப்பைக் கொண்டு, ஓர் இயக்கி விட்ட இடங்களை மற்றோர் இயக்கியால் நிரப்பவும் முடியும். கலியாண வட்டுகளுக்கு இதில் ஒரு தனி நன்மை உண்டு. பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஒளிப்பதிவாளர் ஒரே மூலத்திலிருந்து வட்டுகள் எழுதிக் கொடுத்திருப்பார். இரண்டும் பழுதாயிருப்பினும், பழுது இரண்டிலும் ஒரே இடத்தில் இருப்பது அரிது. ஒன்றின் குறையை மற்றதன் நிறைவால் ஈடுசெய்து, இரு பழைய வட்டுகளிலிருந்து ஒரு முழு வட்டை உண்டாக்கலாம்.

வட்டில் எழுத்து இருந்தும் அது வெறுமை என்று கணினி காட்டுவதும் உண்டு. நேரே வட்டில் எழுதும் ஒளிப்பதிவுக் கருவியிலோ தொலைக்காட்சியோடு இணைக்கும் பதிவுக் கருவியிலோ எடுக்கப்பட்ட வட்டு, இறுதியில் ‘ஃபைனலைஸ்’ எனப்படும் முடித்துவைப்புச் செய்யப்படாதிருப்பின் வேறு இயக்கிகள் அதை அறியமாட்டா. அவ்வட்டை எறிந்துவிடாமல், எடுத்த கருவியிலேயே இட்டு முடித்துவைக்க முயலுதல் வேண்டும்.

இனி இரண்டாம் கட்டம். வாசித்தது முழுவதும் ‘ஐஎஸ்ஓ’ என்ற ஒரே கோப்பாக வன்தட்டில் சேர்க்கப்படும். ‘இடம் போதாது’ என்று கணினி சொல்லும்போது, இடம் தாராளமாக இருப்பதைக் கண்டு பலர் மயங்குவர். ‘ஃபாட் 32’ என்ற பழைய முறையில் ஒழுங்குபடுத்திய தட்டிலோ பென்டிரைவிலோ 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக் கோப்பைச் சேமிக்க இயலாது என்பதே காரணம். ‘என்டிஎஃப்எஸ்’ அல்லது ‘எக்ஸ்ஃபாட்’ முறைக்கு மாற்றினால் இடர் நீங்கும். ஆனால், மாற்றும்போது அதிலுள்ளவை அழிந்துபோகும் ஆதலால், முன்னரே அவற்றை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுதல் அவசியம்.

அளவு பற்றிய மற்றொரு மயக்கமும் உண்டு. வட்டின் உறையில் 4.7 ஜிகாபைட் என்று அச்சிட்டிருக்க, கணினி ஏறத்தாழ 4.38 என்றே காட்டும். இதில் ஏமாற்று யாதுமில்லை. உற்பத்தியாளர் 470 கோடி பைட்டுகளை ஆயிரத்தால் வகுத்துக் கணிக்கின்றனர். கணினி 1024ஆல் வகுத்துக் கணிக்கின்றது. ஆகவே 4.5 என்று கணினி காட்டும் கோப்பு அவ்வட்டில் அடங்காது. மூன்று மணி நேரக் கலியாணப் படத்தை ஒரு வட்டில் நெருக்கிப் புகுத்தினால் முகங்கள் கட்டங் கட்டமாகச் சிதையும். இரு வட்டுகளாகப் பிரித்தலே நன்று.

மூன்றாம் கட்டம் எழுதுதல். எழுதத் தொடங்குமுன் இயக்கி, வட்டின் உட்புறத்தில் ஒதுக்கப்பட்ட சிறு பகுதியில் லேசரின் வலுவைச் சோதித்துப் பார்க்கும். அச்சோதனை தவறினால் ‘பவர் கலிபிரேஷன் எரர்’ என்ற அறிவிப்பு வரும். தரங்குறைந்த வட்டு, தூசி படிந்த வில்லை, முதுமையடைந்த லேசர் ஆகிய மூன்றில் ஒன்றே காரணமாகும். வேறு தயாரிப்பு வட்டொன்றை இட்டுப் பார்த்தால் எது காரணம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். யூஎஸ்பி வழியே இணைக்கும் சிறிய வெளி இயக்கியாயின், மின்சாரம் போதாமையும் காரணமாகலாம்; நீண்ட இணைப்புக் கம்பிகளைத் தவிர்த்து, கணினியிலேயே நேரே பொருத்துதல் வேண்டும்.

வேகம் பற்றியும் ஒரு சொல். 16 மடங்கு வேகத்துக்கு உரியது என்று குறிக்கப்பட்ட வட்டை 8 மடங்கில் எழுதினால், வேலை எட்டு ஒன்பது நிமிடங்களில் முடியும், பிழையும் குறையும். மிக மெதுவாக எழுதினால் மிக நன்றாக அமையும் என்பதும் உண்மையன்று. அவ்வட்டின் சாயம் அவ்வளவு தாழ்ந்த வேகத்துக்கென ஆக்கப்பட்டதன்று. எழுதும்போது கணினியில் வேறு வேலை செய்யாதிருத்தல் நலம். முன்னாளில் தரவு ஒரு கணம் தடைப்பட்டாலும் வட்டு வீணாயிற்று. 2000ஆம் ஆண்டளவில் வந்த பாதுகாப்பு முறை, லேசர் நின்ற இடத்திலிருந்தே தொடர வழிசெய்தது. எனினும் மின்சாரம் நின்றால் அப்பாதுகாப்பு உதவாது. 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளைக் கண்ட ஊர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

எழுதிய வட்டு கணினியில் ஓடி, தொலைக்காட்சியோடு இணைந்த இயக்கியில் ஓடாதிருப்பின், அது படவட்டாக அன்றித் தரவுவட்டாக எழுதப்பட்டிருக்கலாம். டீவீடி இயக்கி எதிர்பார்ப்பது ‘வீடியோ டீஎஸ்’ என்ற பெயருடைய உறையையும், அதனுள் உரிய ஒழுங்கில் அமைந்த கோப்புகளையுமே. கைத்தொலைபேசியில் எடுத்த ‘எம்பி4’ கோப்பை அப்படியே எழுதினால் பழைய இயக்கி அதை அறியாது. வெளிநாட்டு வட்டுகளில் வேறு சிக்கலும் உண்டு. இலங்கையின் தொலைக்காட்சி முறை ‘பால்’. கனடாவிலும் அமெரிக்காவிலும் வழங்கியது ‘என்டிஎஸ்சி’. கடையில் விற்கப்படும் படவட்டுகளுக்குப் பிரதேச எண்ணும் உண்டு. இலங்கைக்கு 5, சவூதி, கட்டார் முதலிய வளைகுடா நாடுகளுக்கு 2. கணினி இயக்கியின் பிரதேச எண்ணை ஐந்து முறைக்கு மேல் மாற்ற இயலாது. குடும்ப வட்டுகளில் இப்பூட்டுகள் இல்லை. கடைப் படங்களின் பூட்டு, உரிமையுடையோர் இட்டது. இலங்கையில் அவ்வுரிமையை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் காக்கின்றது.

மென்பொருளே பழுதாகும் சந்தர்ப்பமும் இல்லாமலில்லை. ஒரே கணினியில் இரண்டு மூன்று எரிக்கும் மென்பொருள்களை நிறுவி, பின் ஒன்றை நீக்கினால், இயக்கியே மறைந்து போவதுண்டு. நீக்கிய மென்பொருள் விட்டுச்சென்ற ‘அப்பர் ஃபில்டர்ஸ்’, ‘லோயர் ஃபில்டர்ஸ்’ என்ற பதிவுகள் விண்டோஸில் எஞ்சியிருப்பதே காரணம். அறிந்த ஒருவர் அவற்றை நீக்கி, கணினியை மீளத் தொடக்கினால் இயக்கி மீண்டும் தோன்றும். ‘இம்ஜ்பர்ன்’ போன்ற எளிய இலவச மென்பொருள் ஒன்றே குடும்பத் தேவைக்குப் போதும். அதன் கடைசிப் பதிப்பு 2013இல் வந்ததாயினும் இன்றும் பயன்படுகின்றது. நிறுவும்போது தோன்றும் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்த பின்னரே இசைதல் வேண்டும். வேண்டாத மென்பொருள்கள் உடன் ஒட்டிவருவதுண்டு.

எழுதி முடிந்ததும் ‘வெரிஃபை’ எனப்படும் சரிபார்த்தலைச் செய்தல் இன்றியமையாதது. இதற்குச் செல்லும் சில நிமிடங்களை மிச்சம் பிடிப்போர் பலர். சரிபார்க்கப்படாத பிரதியைப் பிரதியென்று நம்பிப் பழைய வட்டை எறிதலினும் பெரிய நட்டம் இத்தொழிலில் வேறில்லை.

இவ்வளவு முயற்சியும் எதற்கு, சிறிது காலம் சென்றபின் செய்தால் என்ன என்று கேட்கலாம். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2003இல் வெளியிட்ட கைந்நூல், இறுவட்டுகளை 20 பாகை செல்சியசுக்கு மேற்படாத வெப்பத்திலும், 50 சதவீதத்துக்கு மேற்படாத ஈரப்பதத்திலும் வைக்கச் சொல்கின்றது. அம்பாறைக் கரையின் வெக்கையும் ஈரமும் இவ்வளவுகளை எந்நாளும் விஞ்சி நிற்பவை. சாயம் மங்குகின்றது; ஒட்டு விலகுகின்றது; உலோகப் படலம் அரிக்கின்றது. வட்டு கெடாதிருப்பினும் அதை வாசிக்கும் கருவி மறைந்து வருகின்றது. புதிய மடிக்கணினிகளில் இயக்கியே இல்லை. பதிவுசெய்யும் புளூரே வட்டுகளின் உற்பத்தியை ஜப்பானியச் சோனி நிறுவனம் 2025 பெப்ரவரியில் நிறுத்திவிட்டது.

இக்கரைக்கு வேறொரு நினைவும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை எழுந்த ஆழிப்பேரலையில், இலங்கையிலேயே மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மனிதரோடு வீடுகள் சென்றன. வீடுகளோடு புகைப்படத் தொகுப்புகளும் கலியாண நாடாக்களும் சென்றன. எத்தனையோ குடும்பங்களுக்கு இறந்தவர் முகத்தைக் காட்டும் ஒரு படமும் எஞ்சவில்லை. ஒரே அலுமாரியில் அடுக்கிய பத்துப் பிரதிகளும் கடலுக்கு ஒன்றுதான். ஆகையால், மீட்ட கோப்பு ஒன்று வீட்டு வன்தட்டிலும், ஒன்று கரைக்கு அப்பால் சம்மாந்துறையிலோ கொழும்பிலோ உள்ள உறவினரிடத்திலும், ஒன்று டோஹாவில் தொழில் செய்யும் மகனிடத்திலுமாக இருத்தல் வேண்டும்.

அலுமாரியில் உள்ள வட்டுகளுள் மிகப் பழையது எதுவோ, அதனையே முதலில் எடுத்தல் தகும். துடைத்து, மெதுவாக வாசித்து, வன்தட்டிற் சேர்த்து, சரிபார்த்து, வேறோர் ஊருக்கும் ஒன்றை அனுப்பிவைத்தால் பணி முடிந்தது. ஓர் இராப்பொழுது போதும். மூத்தம்மாவின் குரவையை, அவரைக் கண்டிராத பேரப்பிள்ளையின் பிள்ளையும் கேட்கும்.