கெட்டதை மட்டும் விழுங்கும் செல்

1988-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் யோஷினோரி ஓசுமி, செரிமான நொதிகள் இல்லாத ஈஸ்ட்டைப் பட்டினி போட்டார். சில மணி நேரம் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால், செல்லின் செரிமானப் பைக்குள் குட்டிக் குட்டி உருண்டைகள் துள்ளிக்கொண்டிருந்தன. ஈஸ்ட் தன்னையே விழுங்கியிருந்தது, செரிக்கத்தான் வழியில்லை. இந்த ‘ஆட்டோபேஜி’ ஆய்வுக்காக 2016-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

விரதம் இருந்தால் மூளை நோயே வராது என்று யூடியூப் வைத்தியர்கள் அவர் பெயரைச் சொல்லிக் கிளம்பியது அதன் பிறகுதான். ஆனால் பசித்த செல் பெரும்பாலும் கைக்குக் கிடைத்ததை விழுங்கும். மூளை நோய்களின் கதையில் முக்கியமானது, பழுதானதை மட்டும் தேடி எடுக்கும் இன்னொரு வகை ஆட்டோபேஜி.

செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவையே பார்ப்போம். அது நலமாக இருக்கும்வரை ‘பிங்க்1’ என்ற நொதி அதற்குள் நுழைந்த கையோடு சிதைக்கப்பட்டுவிடும். பழுதாகி மின்னழுத்தம் விழுந்தால், பிங்க்1 உள்ளே போக முடியாமல் வெளிச்சவ்விலேயே தேங்கும். அந்தத் தேக்கம்தான் அபாய அறிவிப்பு. உடனே ‘பார்கின்’ என்ற இன்னொரு நொதி வந்து, 76 அமினோ அமிலங்கள் கொண்ட யுபிக்விட்டின் என்ற புரதத்தை மேலெங்கும் முத்திரையாகக் குத்தும். ஆப்டினியூரின் போன்ற புரதங்கள் அந்த முத்திரையைப் பிடித்துக்கொள்ள, சுற்றி ஒரு சவ்வுப் பை வளர்ந்து மூடி, செல்லின் செரிமானப் பையான லைசோசோமோடு கலந்துவிடும்.

இளவயதிலேயே பார்கின்சன் நோய் வந்த குடும்பங்களில் பார்கின் மரபணுவின் பழுதை ஜப்பானியர்கள் கண்டது 1998-ல். பிங்க்1-ன் பழுது சிக்கியது 2004-ல். இரண்டும் ஒரே வேலையின் இரு முனைகள் என்பது பிறகே புரிந்தது. ஆப்டினியூரின் பழுதோ ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோயில் போய் முடிகிறது.

நரம்பு செல்லுக்கு மட்டும் ஏன் இத்தனை அடி? மற்ற பல செல்கள் பிரியும்போது குப்பையும் பங்காகிவிடும். நரம்பு செல்லோ பிரிவதே இல்லை. 2006-ல் இரண்டு ஜப்பானியக் குழுக்கள் எலிகளின் நரம்பு செல்களில் ஆட்டோபேஜி மரபணுக்களை நீக்கின. எந்த நோய்ப் புரதத்தையும் சேர்க்காமலே அங்கே புரதக் கட்டிகள் சேர்ந்தன, எலிகள் தள்ளாடின.

பழுதான மைட்டோகாண்ட்ரியாவைச் செல் இன்னும் விழுங்கட்டும் என்று, யுபிக்விட்டின் முத்திரையை அழிக்கும் ‘யுஎஸ்பி30’ நொதியை முடக்கும் மருந்துகள் இப்போது மனிதர்களிடம் ஆரம்பகட்டச் சோதனைக்கு வந்துள்ளன. அல்சைமருக்கும் இதே வழி சரிப்படும் என்று சொல்ல முடியாது. அந்த நோயாளிகளின் நரம்பு செல்களில் விழுங்கிய பைகள் செரிக்காமல் குவிந்து கிடக்கின்றன. அங்கே இன்னும் விழுங்கச் சொன்னால் நெரிசல்தான் கூடும்.