டான்யூப் முகத்துவாரத்தில் ஒரு சிற்றூர்

டான்யூப் நதியின் ஒரு கிளை கருங்கடலிற் கலக்குமிடத்தில், ருமேனியாவின் கீழ்க்கோடியில், சுலினா என்னும் சிற்றூர் உள்ளது. இன்றும் வெளியூர்ச் சாலை எதுவும் அதனை எட்டவில்லை, படகேறியே செல்லவேண்டும்.

1856-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின்படி ஐரோப்பிய டான்யூப் கமிஷன் ஏற்பட்டது. ஆற்றுவாய் வண்டலால் மேடிட்டுக் கப்பல்கள் தரைதட்டிய காலம் அது. சார்லஸ் ஹார்ட்லி என்ற ஆங்கில எஞ்சினீயர் கடலுக்குள் இரு நீண்ட அணைகரைகளை எழுப்பினார். நீரோட்டம் ஒடுங்கி விரைந்து, வண்டலைத் தானே அரித்துச் சென்றது! 1870-இல் சுங்கமில்லாத் துறைமுகமும் ஆகவே, பல தேசத்தார் பிழைப்பு நாடிக் குடியேறினர்.

1904-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது. மொத்தம் 4,889 பேர். கிரேக்கர் 2,056, ருமேனியரோ 803 பேரே! ரஷ்யர் 594, ஆர்மீனியர் 444, துருக்கியர் 268, யூதர் 173. இத்தாலியரும் ஆங்கிலேயரும் டேனியரும் உண்டு. பட்டியலின் கடைக்கோடியில் இந்தியர் நால்வர். தாய்மொழியிற் பேச அந்நால்வருக்குத் துணை கிடைத்ததோ என்று, அயலூரில் வாழும் நம் மனம் எண்ணாதிருக்குமோ?

1931-இல் சுங்கவிலக்கு நீங்கிற்று. 1938-ஆம் ஆண்டுச் சினாயா உடன்படிக்கையால் கமிஷனின் அதிகாரத்திற் பெரும்பகுதி ருமேனிய அரசிடம் சென்றது. வாணிகம் தளர்ந்தது, வந்தோர் பலர் அகன்றனர். இன்று மக்கள் சுமார் மூவாயிரவர், பெரும்பாலோர் ருமேனியர். பழஞ்சடங்கு வழுவாத லிபோவான் ரஷ்யரும் சிறுபான்மையினராக வாழ்கின்றனர்.

கடலையொட்டிய இடுகாட்டில் மட்டும் பழைய சுலினாவைக் காணலாம். கிறிஸ்தவப் பிரிவினர், யூதர், முஸ்லிம்கள் என அவரவர்க்குத் தனிப் பகுதி; கல்லறை எழுத்துக்களோ பல மொழிகளில் உள்ளன.